இன்காக்களின் கும்பித் துணி: ஒரு சட்டைக்கு ஏன் அவ்வளவு மதிப்பு?

இன்காக்கள் தங்கத்தைவிடத் துணியை உயர்வாக மதித்தார்கள், அந்தத் துணியில் அங்குலத்துக்கு 600 இழை இருந்தது, அதை முழுக்கக் கன்னி மாடத்துப் பெண்களே நெய்தார்கள் என்று ஒரு காணொளியில் பார்த்ததாகவும், இதில் எவ்வளவு உண்மை என்றும் கேட்டிருக்கிறீர்கள். மூன்று தகவல்களைச் சரிபார்க்கக் கேட்பதுபோல் இருந்தாலும், அடியில் இருப்பது ஒரே கேள்விதான் என்று படுகிறது: ஒரு சட்டைக்கு அப்படி என்ன மதிப்பு வந்துவிட முடியும்? முதல் கூற்று பாதி சரி. இரண்டாவதைக் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம். மூன்றாவது தவறு. ஏன் என்று சொல்லக் கொஞ்சம் நீளமாகப் போக வேண்டும்.

தங்கத்தோடு ஒப்பிடும்போதே ஒரு தடுமாற்றம் வந்துவிடுகிறது. இன்காக்கள் தங்கள் நாட்டைத் தவாந்தின்சுயு, அதாவது நான்கு பகுதிகள் சேர்ந்த நாடு, என்று அழைத்தார்கள். 15-ம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து 1532-ல் ஸ்பானியர் வரும்வரை, இன்றைய கொலம்பியாவின் தெற்கு ஓரத்திலிருந்து சிலியின் நடுப்பகுதிவரை அது பரவியிருந்தது. அங்கே நாணயம் கிடையாது. குடிகள் வரியை உழைப்பாகச் செலுத்தினார்கள். அரசு அதற்குச் சோறும் சோள மதுவும் துணியும் கொடுத்தது. விலை என்ற ஒன்றே இல்லாத இடத்தில் எது விலை உயர்ந்தது என்று கேட்டால் பதில் வராது. எதைக் கொடுத்தால் என்ன நடந்தது என்று கேட்டால் பதில் உண்டு. தங்கம் சூரியனுக்கும் அரசனுக்கும் உரிய அணிகலனாக நின்றது. துணியோ படைவீரனுக்குக் கூலி, மணமக்களுக்குச் சீர், தெய்வத்துக்குப் பலி, இறந்தவனுக்குப் போர்வை, புதிதாகப் பணிந்த நாட்டுத் தலைவனுக்குப் பரிசு. அந்தப் பரிசை அவன் வாங்கி உடுத்திக்கொண்டால் ஆட்சியை ஏற்றுக்கொண்டான் என்று பொருள். 1962-ல் ஜான் முர்ரா என்ற மானிடவியலாளர் எழுதிய ஒரு கட்டுரை இதைத்தான் எடுத்துக் காட்டியது. இன்றும் இந்தத் துறையில் நுழைகிறவர்கள் அங்கேதான் தொடங்குகிறார்கள்.

இதற்குச் சான்று எதிரிகளின் எழுத்திலேயே இருக்கிறது. 1532 நவம்பரில் பெருவின் காஹாமார்க்கா என்ற ஊரில் இன்கா அரசன் அதாவால்பாவைப் பிடித்தது ஸ்பானியத் தளபதி பிரான்சிஸ்கோ பிசாரோவின் படை; அதில் எழுத்தராக இருந்தவர் பிரான்சிஸ்கோ தே ஹேரெஸ். அந்த ஊரில் கூரை முட்டத் துணிப் பொதிகள் அடுக்கிய வீடுகளைக் கண்டதாகவும், வேண்டுமட்டும் எடுத்த பிறகும் குறைந்ததே தெரியவில்லை என்றும் அவர் எழுதினார். தங்கம் தேடி வந்த கூட்டத்தின் கண்ணில் பட்டது இது. பின்வாங்கிய இன்காப் படைகள் கிடங்குகளைத் தீயிட்டுவிட்டுப் போனதையும் ஸ்பானியர் குறித்திருக்கிறார்கள். தளபதியின் உறவினரான பெத்ரோ பிசாரோ இன்னொன்று சொல்கிறார்: அதாவால்பா உடுத்திய துணிகளையும் கைபட்ட பொருள்களையும் பெட்டிகளில் பத்திரப்படுத்தி, ஆண்டுக்கொரு முறை எரித்துச் சாம்பலைக் காற்றில் விட்டார்களாம். அரசன் உடம்பில் பட்டதை வேறு யாரும் தொடக் கூடாது. அதே மனிதர் அதாவால்பாவின் மேலாடை ஒன்றைத் தொட்டுப் பார்த்திருக்கிறார். பட்டைவிட மிருதுவாக இருந்ததாம். எதனால் ஆனது என்று கேட்டால், வௌவால் தோல் என்று பதில் வந்ததாம்.

இனி துணிக்கு வருவோம். ஸ்பானியக் குறிப்புகள் நெய்த துணியைப் பெரும்பாலும் இரண்டு தரமாகப் பிரிக்கின்றன. ஒன்று அவாஸ்கா. ஒவ்வொரு குடும்பமும் அரசு தந்த ரோமத்தைக் கொண்டு வீட்டுத் தறியில் நெய்து கிடங்கில் சேர்த்தது இதுதான். பாவு (தறியில் முதலில் இழுத்துக் கட்டும் நூல்) நெருக்கமாக மேலே தெரியும் உறுதியான துணி. படைக்கும் கூலிக்கும் போனது. மற்றது கும்பி. ஊடை (பாவுக்குக் குறுக்கே கோத்துப் போகும் நூல்) பாவை முழுக்க மூடி, ஊடையின் நிறத்தாலேயே உருவம் எழும்பும் சித்திர நெசவு. 1653-ல் தன் நூலை முடித்த பெர்னாபே கோபோ என்ற இயேசு சபைப் பாதிரியார் இவற்றோடு இறகு தைத்த துணி, பொன் வெள்ளித் தகடு பதித்த துணி, தரை விரிப்புக்கான முரட்டுத் துணி என்று இன்னும் மூன்றைச் சேர்க்கிறார். இறகுத் துணியின் செய்முறையைக் கையில் கிடைத்த துண்டுகளிலிருந்தே சொல்லிவிடலாம். இறகின் தண்டை ஒரு நூலின்மேல் மடித்து இன்னொரு நூலால் முடிச்சிட்டு, சரம் சரமாகக் கோத்து, கீழிருந்து மேலாக ஓடு வேய்வதுபோல ஒன்றன்மேல் ஒன்று படியப் பருத்தித் துணியில் தைப்பார்கள். உங்கள் கேள்வி கும்பியைப் பற்றியது என்பதால் இதோடு விடுகிறேன்.

கும்பிக்கு வேண்டிய ரோமம் ஒட்டகக் குடும்பத்து விலங்குகளிலிருந்து வருகிறது. லாமாவும் அல்பாக்காவும் வளர்ப்பு விலங்குகள், விகுன்யாவும் குவனாக்கோவும் காட்டு விலங்குகள். விகுன்யாவின் உள்மயிர் 12, 13 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்) தடிமன்தான். நல்ல மெரினோ ஆட்டு ரோமமே 18 மைக்ரானுக்குப் பக்கத்தில் நிற்கும். ஒரு விகுன்யாவிடம் ஒரு முறை கத்தரித்தால் 200 கிராம் அளவு கிடைக்கும். அதில் முரட்டு மேல்மயிரைப் பொறுக்கி எடுத்தபின் இன்னும் குறையும். மறுபடி கத்தரிக்க இரண்டு ஆண்டாவது காத்திருக்க வேண்டும். ஆயிரக்கணக்கானவர்கள் கைகோத்து மலைச்சரிவைச் சுற்றி வளைத்து, விலங்குகளை ஓரிடத்தில் ஒதுக்கி, கத்தரித்துத் திரும்ப விடுவதற்குச் சாக்கு என்று பெயர். ஒரே மலையில் நான்கு ஆண்டுக்கு ஒரு முறைதான் இதை நடத்தினார்கள் என்கிறார் கார்சிலாசோ, இன்காத் தாய்க்கும் ஸ்பானியத் தந்தைக்கும் பிறந்த வரலாற்றாசிரியர். விகுன்யா ரோமம் அரசனுக்குப் போனது, முரட்டு ரோமம் குடிகளுக்குப் பகிரப்பட்டது. இந்தப் பழக்கம் இன்று பெருவில் பாம்பா கலேராஸ் காப்பகத்திலும் பிற இடங்களிலும் மீண்டிருக்கிறது.

ஆனால் அருங்காட்சியக அட்டையில் ‘விகுன்யா’ என்று எழுதியிருப்பதைப் பார்த்து உடனே நம்பிவிட வேண்டாம். தென்பெருவில் எல் யாரால் என்ற இடத்தில், 900 முதல் 1,000 ஆண்டுக்கு முன் புதைத்த லாமாக்களும் அல்பாக்காக்களும் உலர்ந்த உடலாகவே கிடைத்தன. ஜேன் வீலர் என்ற ஆய்வாளர் அவற்றின் ரோமத்தை அளந்தபோது சில அல்பாக்காக்களில் 18 மைக்ரான் அளவுக்கு மெல்லிய, ஒரே சீரான இழை இருந்தது. இன்றைய மந்தைகளில் அது அபூர்வம். அதாவது ஸ்பானியர் வருமுன் இருந்த வளர்ப்பு விலங்கே காட்டு விலங்கை நெருங்கும் தரத்தில் இருந்தது. நுண்ணோக்கியில் பார்க்காமல் இரண்டையும் பிரித்துச் சொல்ல முடியாது. எஞ்சிய ஆடைகளில் பெரும்பாலானவற்றுக்கு ‘ஒட்டக இன ரோமம்’ என்று நிறுத்திக்கொள்வதே நேர்மை.

நூற்பு நம்மூர்த் தக்ளி மாதிரிதான்: ஒரு குச்சி, அடியில் ஒரு வட்டு. நடந்துகொண்டே, மந்தை மேய்த்துக்கொண்டே நூற்பார்கள். ஒற்றை இழையை ஒரு திசையில் முறுக்கி, இரண்டைச் சேர்த்து எதிர்த் திசையில் முறுக்கினால் ஒரு முறுக்கு மற்றதைப் பிடித்துக்கொள்ளும், நூல் சுருளாது. ஊடைக்கு இரண்டு புரி, பாவுக்குப் பல நேரம் மூன்று புரி. எல்லாரும் நூற்கும் திசைக்கு மாறாக நூற்ற இடம்புரி நூலுக்கு யோக்கே என்று தனிப் பெயர் உண்டு. தீங்கு அண்டாமல் காக்கும் என்று நம்பி அதைத் துணியின் விளிம்பிலும் சடங்குப் பொருளிலும் வைத்தார்கள். நூற்பில் பிழை வந்தால் தறியில்தான் தெரியும். பாவில் முறுக்கு குறைந்தால், ஊடையை எலும்பால் தட்டித் தட்டி இறக்கும்போது உரசி அறுந்துபோகும். ஊடையில் முறுக்கு கூடினால் நூல் பஞ்சுபோல அமுங்காது, பாவை மூடாது, இடையிடையே பாவு பல்லிளிக்கும். ஒரே ஆடைக்குப் பலர் நூற்றால் தடிமன் மாறிப் பட்டை பட்டையாகத் தெரியும். கும்பியில் அப்படித் தெரியாது என்பதே நூற்றவர்களுக்கு எவ்வளவு தேர்ச்சி இருந்திருக்க வேண்டும் என்பதற்குச் சான்று.

சாயத்தில் சிவப்புதான் அரசன். இன்காக்களுக்கு வெகு முன்பு பெருவின் தென்கடற்கரையில் இருந்த நாஸ்கா, பாராகாஸ் மக்களின் காலத்துப் பழைய சிவப்பு பெரும்பாலும் ஒரு கொடியின் வேரிலிருந்து வந்தது. இன்காக் காலத்தில் சப்பாத்திக்கள்ளியில் வாழும் கொச்சினியல் பூச்சி அந்த இடத்தைப் பிடித்துவிட்டது. காய்ந்த பூச்சி ஒரு கிலோ வேண்டுமென்றால் ஏறக்குறைய ஒன்றரை லட்சம் பூச்சிகளைக் கள்ளியிலிருந்து சுரண்டி எடுக்க வேண்டும். அரைத்துக் கொதிக்கவைத்து, படிகாரம் போன்ற மலைக் கனிமத்தோடு சேர்த்தால்தான் ரோமத்தில் பிடிக்கும். அந்தக் கனிமத்துக்குக் கோல்பா என்று பெயர். அதில் இரும்பு கலந்திருந்தால் சிவப்பு ஊதாவாக இருண்டுவிடும். (இந்தப் பூச்சிக்கு நம் பக்கத்தில் ஒரு சிறு கதை உண்டு. 18-ம் நூற்றாண்டின் இறுதியில் சென்னையில் ஜேம்ஸ் ஆண்டர்சன் என்ற மருத்துவர் இதை வளர்க்கச் சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டமே போட்டார். வந்து சேர்ந்தது தரம் குறைந்த காட்டு வகை. சாயம் வாய்க்கவில்லை, கள்ளிதான் அழிந்தது.) நீலம் அவுரி இனத்துச் செடியிலிருந்து; ஊறவைத்துப் புளிக்கவைத்த தொட்டியில் முக்க வேண்டும். பச்சைக்கு மஞ்சளும் நீலமும் ஒன்றன்மேல் ஒன்று. பருத்தி இந்தச் சிவப்பை நன்றாக வாங்காது, ரோமம் வாங்கும். அதனால்தான் பருத்திப் பாவு போட்ட ஆடைகளில்கூட நிறம் முழுக்க ரோம ஊடையில் இருக்கிறது. இரும்பு சேர்த்துக் கறுப்பாக்கிய நூல் காலப்போக்கில் பொடிந்து உதிரும். பழைய ஆடைகளில் முதலில் ஓட்டை விழுவது கரும்பழுப்புக் கோடுகளில்தான்.

நெசவுதான் விஷயத்தின் மையம். ஆண்களின் கையில்லாச் சட்டைக்கு உன்கு என்று பெயர். உடுத்தினால் முழங்காலுக்குச் சற்று மேலே நிற்கும். எஞ்சியவை ஏறக்குறைய 90 செ.மீ. நீளம், 76 செ.மீ. அகலம். முன்னும் பின்னும் சேர்ந்த ஒரே துண்டு. தோளில் மடித்து இரு பக்கமும் தைத்தால் சட்டை. நம் மனம் உடனே 76 செ.மீ. அகலத் தறியில் 180 செ.மீ. பாவு ஓட்டியதாக நினைத்துக்கொள்ளும். உண்மை நேர்மாறு. தறியின் அகலம் 180, பாவின் நீளம் 76. அதாவது உடுத்தும்போது பாவு படுக்கை வசமாகவும் ஊடை செங்குத்தாகவும் ஓடும். இவ்வளவு அகலத்தை இடுப்பில் கட்டும் தறியில் நெய்ய முடியாது. கும்பிக்கு நிமிர்ந்து நிற்கும் மரச் சட்டத் தறி வேண்டும் என்று கோபோ சொல்வது இதோடு பொருந்துகிறது. இன்னொரு வசதியும் உண்டு: இரண்டு பேர், மூன்று பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஒரே சட்டையை நெய்யலாம்.

இதில் நாடா எறிவதெல்லாம் கிடையாது. ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு சிறு நூல்கண்டு. அந்த நிறம் வரவேண்டிய பாவுகளுக்குள் மட்டும் அதைப் போக்கித் திருப்பி, கூரிய லாமா எலும்பால் குத்தி இறக்குவார்கள். இரண்டு நிறம் சந்திக்கும் இடத்தில் என்ன செய்வது என்பதுதான் கேள்வி. இரண்டையும் அந்தந்தப் பாவிலேயே திருப்பிவிட்டால் நடுவில் ஒரு கீறல் விழும். பெருவின் கடற்கரை நெசவில் பல இடத்தில் அப்படிக் காணலாம். கும்பியில் பெரும்பாலும் இரண்டு ஊடையும் நடுவில் ஒன்றையொன்று கொக்கி போட்டுக்கொண்டு திரும்பும். காஞ்சிபுரத்துக் கோர்வையில் உடலும் கரையும் சேரும் கோட்டில் நடப்பது இதுதான். கும்பியில் அது சட்டை முழுக்க, ஒவ்வொரு நிற எல்லையிலும் நடக்கிறது. கொக்கியை இழுத்துப் பிடித்தால் துணி சுருங்கும், தளரவிட்டால் எல்லைக்கோடு பாம்புபோல நெளியும். ஊடையை நேராக இழுத்து வைத்தாலும் ஓரங்கள் உள்ளே வாங்கிவிடும், அதனால் ஒரு சிறு வளைவு விட்டுத்தான் தட்டி இறக்க வேண்டும். பக்கத்தில் நெய்கிறவர் தட்டும் அழுத்தம் மாறினால் ஒரு பாதி உயர்ந்து மறுபாதி தாழ்ந்து சட்டையே கோணிக்கொள்ளும்.

கழுத்துத் திறப்பு இன்னொரு சங்கடம். அது ஊடையின் போக்கிலேயே ஓடுகிறது, ஆகவே நடுவில் பாவை நிறுத்தியாக வேண்டும். துணியை வெட்டுவது ஆண்டீஸ் மலை நெசவில் ஏறக்குறைய கேள்விப்படாத காரியம். நான்கு பக்கமும் நெசவிலேயே முடிந்து தறியிலிருந்து இறங்க வேண்டும். அதனால் பாவு ஓட்டும்போதே, கழுத்து வரவேண்டிய இடத்தில் ஒரு தற்காலிக நூலைக் குறுக்கே கட்டி, இரு பக்கப் பாவும் அதைச் சுற்றித் திரும்பும்படி ஓட்டுவார்கள். நெய்து முடித்தபின் அந்த நூலை உருவினால் கழுத்து திறந்துகொள்ளும். பார்ப்பதற்கு எளிது, ஒரு பாவு தவறினாலும் முழு வரிசையும் கலைந்துவிடும். இவ்வளவுக்கும் பின், ஊடை நூலின் நுனிகளையெல்லாம் உள்ளே செருகி மறைத்துவிடுவார்கள். நல்ல கும்பிக்கு உள்பக்கம் வெளிப்பக்கம் என்று கிடையாது.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இது என் மதிப்பீடு, பழைய ஆவணம் எதிலும் இல்லை. ஒரு செ.மீ.க்குப் பாவு 12, ஊடை 40 என்று வைப்போம். நல்ல உன்கு ஒன்றுக்கு இது மிகையான எண் இல்லை. 76 செ.மீ. நெய்ய 3,040 ஊடை, ஒவ்வொன்றும் 1.8 மீட்டர் என்றால் ஏறக்குறைய 5.5 கி.மீ., வளைவுக்கும் கொக்கிக்கும் சேர்த்தால் 6 கி.மீ. இரண்டு புரி என்பதால் ஒற்றை இழை 12 கி.மீ. பாவு 2,160 இழை, ஒவ்வொன்றும் 76 செ.மீ.; மூன்று புரிக்கு ஒற்றை இழை 5 கி.மீ. மொத்தம் 17 கி.மீ. தக்ளியில் மணிக்கு 50 மீட்டர் மெல்லிய இழை வருமென்றால் நூற்க மட்டும் 340 மணி நேரம். புரி சேர்ப்பது தனி, சாயம் தனி. நெசவில் மணிக்கு 10 சதுர செ.மீ. நகர்ந்தால், 13,680 சதுர செ.மீ.க்கு 1,300 மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஒரு சட்டை, ஒரு ஆள், கிட்டத்தட்ட ஓர் ஆண்டு. சோளமும் மந்தையும் பார்த்துக்கொள்ளும் ஒரு வீட்டால் இதைத் தாங்க முடியாது. கும்பியை அரசால் மட்டுமே செய்விக்க முடிந்ததற்குக் காரணம் இந்தக் கணக்கில் இருக்கிறது.

அந்த 600 இழை எங்கிருந்து வந்தது என்று இப்போது பார்க்கலாம். இணையத்தில் ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதிவரும் எண் அது. அங்குலத்துக்கு 600 என்றால் செ.மீ.க்கு 236. 12 மைக்ரான் மயிரில் கைவிரல் எண்ணிக்கைக்குச் சற்று மேல் இழைகளைச் சேர்த்து நூற்று, அதை இரண்டு புரியாக்கினால் ஏறத்தாழ அந்த நெருக்கம் வரலாம். ஆகவே நடக்கவே நடக்காத ஒன்று என்று சொல்லமாட்டேன். ஆனால் எந்த ஆடை, எந்தப் பகுதி, ஊடை மட்டுமா, பாவும் ஊடையும் கூட்டியதா என்று சொல்லாமல் எண்ணை மட்டும் சொன்னால் அதற்கு மதிப்பில்லை. ஊடையே மேலே தெரியும் துணியில் ஊடை எண்ணிக்கை இயல்பாகவே கூடுதலாக இருக்கும். நாம் படுக்கை விரிப்பு வாங்கும்போது பார்க்கும் இழை எண்ணோடு அதை நிறுத்திப் பார்ப்பது வேறு கணக்கு.

நெய்தவர்கள் யார் என்பதில் உறுதியாகச் சொல்லக்கூடியது இது: இரண்டு வகையினர் கும்பி நெய்தார்கள். ஒரு வகை, அக்லா என்ற தேர்ந்தெடுக்கப்பட்ட பெண்கள். ஏறக்குறைய பத்து வயதில் ஊர்களிலிருந்து அரசு அதிகாரிகள் எடுத்துச்சென்று, அக்லாவாசி என்ற அடைத்த வளாகத்தில் வைத்து, மாமாகுனா என்ற மூத்த பெண்களிடம் நூற்கவும் நெய்யவும் சோள மது காய்ச்சவும் பழக்கினார்கள். (நம் மாமாவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, கெச்சுவா மொழியில் மாமா என்றால் தாய்.) சில ஆண்டு கழித்துச் சிலர் கோயிலுக்கு, சிலர் அரசன் வீட்டுக்கு, சிலர் அரசன் கை காட்டியவனுக்கு மனைவியாக. சிலர் பலிக்கு. ‘கன்னி மாடம்’ என்ற சொல் ஸ்பானியப் பாதிரிமார் தங்கள் மடங்களை நினைத்து வைத்தது; அது பாதி வாழ்க்கையை மறைத்துவிடுகிறது. 1532-ல் பிசாரோவின் படைத்தலைவர்களில் ஒருவரான எர்னாந்தோ தே சோத்தோ காஹாஸ் என்ற ஊருக்குப் போனபோது இப்படி 500 பெண்கள் இருந்ததாகவும், அவர்களில் பலரை வீரர்களுக்குப் பங்கிட்டதாகவும் உடன்போனவர்களின் எழுத்தே சொல்கிறது. பெருவின் மலைப்பகுதியில் வானுக்கோ பாம்பா என்ற இன்கா நகரில், தொல்லியலாளர் கிரெய்க் மோரிஸ் குழு அகழ்ந்த ஒரு வளாகத்தில் ஒரே வாசல், வரிசையாக 50 கட்டடங்கள், உள்ளே தக்ளி வட்டுகள், எலும்புக் கருவிகள், பெரிய மதுச் சாடிகள். எழுத்தில் படித்த அக்லாவாசி மண்ணில் கிடைத்த இடம் என்று பெரும்பாலோர் ஏற்கும் இடம் இது.

மற்ற வகை ஆண்கள். கும்பிகாமாயோக் என்றால் கும்பிக்குப் பொறுப்பானவர். தந்தை மகன் என்று தொடர்ந்த தொழில். மற்ற உழைப்பு வரியிலிருந்து விலக்கு, நிலம், அரசின் சோறு. 16-ம் நூற்றாண்டில் டிட்டிகாக்கா ஏரிக்கரையில் நடந்த நில வழக்கின் தாள்களில், வைனா காபாக் என்ற அரசன் மிய்யிராயா என்ற ஊரில் 1,000 நெசவாளர்களைப் பல ஊர்களிலிருந்து கொண்டுவந்து குடியமர்த்தியது பதிவாகியிருக்கிறது. பக்கத்திலேயே குயவர்களையும் அமர்த்தியிருக்கிறார்கள். வழக்குத் தாள் என்பதால் இதற்குக் கனம் அதிகம். எதிர்க்கட்சிக்காரன் மறுக்க வாய்ப்பிருந்த இடத்தில் சொன்ன சாட்சி. எந்த ஆடையை ஆண் நெய்தான், எதைப் பெண் நெய்தாள் என்று துணியைப் பார்த்துச் சொல்ல முடியுமா? முடியாது. அப்படிச் சொல்லும் அட்டைகளைச் சந்தேகத்தோடு படியுங்கள். அக்லாக்களின் வாழ்வைப் பற்றி நாம் படிப்பவை ஏறக்குறைய எல்லாமே அந்த வாசலுக்குள் போயிராத ஆண்கள் எழுதியவை என்பதையும் மறக்கக் கூடாது.

துணியில்லாத ஒரு சாட்சியும் உண்டு. 1999-ல் அர்ஜென்டினா–சிலி எல்லையில், 6,739 மீட்டர் உயர யுயாய்யாக்கோ சிகரத்தில் பலியிட்ட மூன்று குழந்தைகளின் உடல்கள் பனியில் கெடாமல் கிடைத்தன. மூத்த பெண்ணின் தலைமுடியை ஆராய்ந்தபோது, இறப்பதற்கு ஏறக்குறைய ஓராண்டு முன்பிலிருந்து அவளுடைய உணவு திடீரென உயர்ந்தது தெரிந்தது: சோளம், இறைச்சி. எளிய வீட்டுப் பெண்ணை எடுத்துச்சென்று தேர்ந்தவளாக வைத்திருந்ததோடு இது பொருந்துகிறது. அவள் அக்லா என்பது ஊகம். உணவு மாறியது ஊகமில்லை. அவர்களோடு வைத்த பொன், வெள்ளி, சிப்பிப் பொம்மைகளுக்கும் குட்டிக் குட்டி ஆடைகள் முறைப்படி நெய்து போட்டிருந்தன.

உருவங்களைப் பற்றி ஒரு சொல். 1979-ல் ஜான் ரோவ் என்ற தொல்லியலாளர் எஞ்சிய உன்குகளை வரிசைப்படுத்தியபோது ஒரே அமைப்பு திரும்பத் திரும்ப வருவதைக் காட்டினார்: கறுப்பு வெள்ளைச் சதுரங்கக் கட்டமும் மார்பில் சிவப்பு முக்கோணமும் ஒன்று, திறவுகோல் போன்ற வடிவம் இன்னொன்று, இடுப்பில் பட்டையாக வைரக்கட்டமோ தொகாபுச் சதுரமோ வருபவை மற்றவை. அதாவால்பாவின் வீரர்கள் சதுரங்கப் பலகை போன்ற சீருடையில் வந்ததாக ஹேரெஸ் எழுதியது முதல் வகையோடு அப்படியே ஒத்துப்போகிறது. தொகாபு என்பவை சிறு சதுரத்துக்குள் அடங்கிய வடிவங்கள். வாஷிங்டனில் டம்பர்ட்டன் ஓக்ஸ் தொகுப்பில் உள்ள ஓர் உன்கு கழுத்திலிருந்து கீழ்வரை தொகாபுவாலேயே நிறைந்தது. அதில் ஒரு சதுரம் அந்தச் சதுரங்கச் சட்டையின் குட்டிப் படம். அதாவது வீரர்களின் சட்டையே அரசச் சட்டையில் ஒரு சின்னமாக அடங்கியிருக்கிறது. தொகாபு எழுத்து என்று 1960-களிலிருந்து சிலர் படித்துக்காட்ட முயன்றார்கள். ஒருவர் படிப்பு இன்னொருவருக்குப் பொருந்தவில்லை. துறையில் அதை யாரும் எழுத்தாக ஏற்கவில்லை. குலமும் பதவியும் ஆட்சிப் பரப்பும் சுட்டும் சின்னங்கள் என்ற அளவில் நிற்பது பத்திரம். ஆனால் நெசவுக் குறிப்பு எழுத்தில் உண்டு: மார்த்தின் தே முருவா என்ற பாதிரியாரின் கைப்பிரதியில் அரசியின் இடுப்புக் கச்சை ஒன்றுக்கு நிறமும் இழை எண்ணும் வரிசையாகக் கொடுத்திருக்கிறது. அது வெறும் பட்டியல்போல் கிடந்தது. 1980-களில் சோபி தெரோசியே என்ற துணி ஆய்வாளர் அதன்படி நெய்ய முடியும் என்று காட்டினார்.

ஸ்பானியர் காலத்தில் கும்பி உடனே செத்துவிடவில்லை. பாதிரிமாருக்குப் பலிபீடத் துணி, அதிகாரிகளுக்குக் குலச்சின்னம் போட்ட கட்டில் விரிப்பு என்று அதே நெசவாளர்கள் நெய்தார்கள். 1565-க்குப் பின் மணிலாக் கப்பல்களில் சீனப் பட்டு வரத் தொடங்கியதும் சீனப் பூவும் பறவையும் கும்பியில் ஏறின. அப்படி ஒன்று பாஸ்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பட்டும் வெள்ளிச் சரிகையும் ஊடையில் கலந்தன. ஆனால் கிடங்கும் மந்தையும் சோறும் கொடுத்த அரசு இல்லை. நெசவாளர்கள் மிதிதறி வைத்த பட்டறைகளுக்கு இழுக்கப்பட்டார்கள். தலைமுறை தலைமுறையாகக் கற்றுக்கொடுத்த வேலை தேய்ந்துபோனது.

அடுத்த முறை எங்காவது இன்கா உன்கு என்று ஒரு படம் வந்தால், தைத்த பக்க ஓரத்தை முதலில் பாருங்கள். பல நிற நூலால் வரிவரியாக நெருக்கித் தைத்திருக்கும். கீழ் விளிம்புக்குச் சற்று மேலே மேலும் கீழுமாக வளைந்து ஓடும் ஒரு தையற்கோடு இருக்கும். எங்காவது ஊடை உதிர்ந்திருந்தால், வெளியே தெரியும் பாவு படுக்கை வசமாக ஓட வேண்டும். செங்குத்தாக ஓடினால் அது பெரும்பாலும் வேறு ஊர், வேறு காலம், அல்லது அண்மையில் செய்த நகல்.